இரண்டு பேரோடு எண்பதில் போக எத்தனை குதிரைசக்தி வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 27. மேற்குத் தாம்பரத்தில் வீடு, ஒரகடத்தில் வேலை. போக வர தினமும் 50 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை மனைவியோடு விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போவோம், வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்காடு. வைத்திருப்பது ஒன்பது வருஷப் பழைய 100 சிசி வண்டி. புதிது வாங்க இரண்டு லட்சம் சேர்த்திருக்கிறேன். "நாற்பது குதிரைசக்தி இல்லாட்டி அது வண்டியே இல்ல, லோன் போட்டு 390 டியூக் எடு" என்கிறார்கள் நண்பர்கள். "நூறு சிசிக்கு என்ன குறைச்சல்?" என்கிறார் அப்பா. ஷோரூமில் டிராக்‌ஷன் கன்ட்ரோல், ரைடு மோடு, குவிக் ஷிஃப்டர், கலர் திரை என்று அடுக்குகிறார்கள். எனக்கு உண்மையிலேயே எவ்வளவு தேவை?

பதில்: எங்கே போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு வேகத்தில் போவீர்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மத்திய அரசு 2018-ல் அறிவித்த வேக வரம்புப்படி மோட்டார் சைக்கிளுக்கு நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர், நகராட்சி எல்லைக்குள்ளும் மற்ற சாலைகளிலும் 60. ஆக, நீங்கள் வாங்கும் வண்டி இரண்டு பேரையும் ஒரு பையையும் சுமந்துகொண்டு, திணறாமல் எண்பதில் போக வேண்டும். அதற்கு மேல் அவசரத்துக்குக் கொஞ்சம் கையிருப்பும் வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பேர் போகும் சாதாரண வண்டிக்குச் சமதரையில், காற்றில்லாத நேரத்தில், அறுபதில் போக சுமார் மூன்றரை குதிரைசக்தி போதும். எண்பதுக்கு 7. நூறுக்கு 13. நூற்றிருபதுக்கு 20-க்கு மேல். வேகம் அறுபதிலிருந்து நூற்றிருபதாகும்போது தேவை ஆறு மடங்காகிறது. காரணம் காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி எட்டு மடங்கு. டயர் உருளும் தடை அவ்வளவு வேகமாக ஏறாததால்தான் மொத்தத்தில் ஆறு மடங்கோடு நிற்கிறது. 8 குதிரைசக்தி உள்ள ஸ்பிளெண்டர் ஏன் தொண்ணூறுக்குள் மூச்சு வாங்குகிறது, 20 உள்ள கிளாசிக் 350 ஏன் நூற்றிருபதை ஒட்டி அடங்கிவிடுகிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கிலேயே வந்துவிடும்.

அப்படியானால் அப்பா சொல்வது சரிதானே? தனியாக ஒரகடம் போய் வருவதற்குச் சரி. அது ஒன்றுதான் உங்கள் தேவை என்றால், "இருக்கிற வண்டிக்கு டயரும் செயினும் மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள்" என்று எழுதி முடித்திருப்பேன்.

விழுப்புரம் போகும் நாள்தான் சிக்கல். ஆடி மாதத்தில் மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது எதிரே அடிக்கும் காற்று உங்களுக்கே பழக்கமாகியிருக்கும். அம்மியே பறக்கும் காற்று அது. எதிர்க்காற்று இருபதில் அடித்தால், எண்பதில் போகும் வண்டிக்கு அது நூறில் போகிற மாதிரி. 7-ல் முடிந்த வேலைக்குப் பத்துக்கு மேல் தேவைப்படும். 100 சிசி வண்டியிடம் இருப்பதே எட்டு. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் முள் எழுபதுக்குக் கீழே இறங்கும், பின்னால் வரும் ஆம்னி பஸ் ஹாரன் அடிக்கும்.

அதைவிட முக்கியமானது லாரியைத் தாண்டுவது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் தினமும் போகிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அறுபதிலிருந்து எண்பதுக்கு வேகம் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம், பின்னால் மனைவி உட்கார்ந்திருக்கிறார். அறுபதில் ஓடிக்கொண்டிருக்கும் 8 குதிரைசக்தி வண்டியிடம் மீதம் இருப்பது கொஞ்சம்தான். அது எண்பதைத் தொட 15 முதல் 20 விநாடி ஆகும், அதற்குள் 350 மீட்டர் ஓடிவிடும். 17 குதிரைசக்தி வண்டி, சரியான கியரில் இருந்தால், இதே வேலையை ஐந்து விநாடியில் முடிக்கும். தூரம் சுமார் 100 மீட்டர். 46 குதிரைசக்தி உள்ள 390 டியூக் இரண்டு விநாடியில் முடிக்கும். இவை ஏட்டுக் கணக்குதான், சாலையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் கணக்கின் போக்கைப் பாருங்கள். எட்டிலிருந்து பதினேழுக்கு வந்தால் பத்து விநாடிக்கு மேல் மிச்சம். பதினேழிலிருந்து நாற்பத்தாறுக்குப் போனால் மூன்று விநாடி மிச்சம். முதலில் சொன்ன பத்து விநாடி உயிர் சம்பந்தப்பட்டது, அதற்காகச் செலவு செய்யுங்கள். அடுத்த மூன்று விநாடிக்கு உங்கள் நண்பர்கள் லோன் போடச் சொல்கிறார்கள்.

ஏற்காட்டுக்கு அதிக சக்தி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சேலம் பக்கத்திலிருந்து ஏறும் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முப்பது, நாற்பதுக்கு மேல் யாரும் போவதில்லை. அந்த வேகத்தில் மலை ஏற ஐந்து குதிரைசக்தி போதும். மலையில் வேண்டியது கீழ் ஆர்.பி.எம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்குக் குறைவாகச் சுற்றும்போதே, கிடைக்கும் இழுவை. அதற்குப் பெயர் டார்க். வளைவில் வேகம் குறைந்து திரும்பும்போது, வண்டி உதறாமல் இரண்டாவது கியரிலேயே எழ வேண்டும்.

இங்கேதான் வெறும் குதிரைசக்தி எண் ஏமாற்றும். கிளாசிக் 350-ம் அப்பாச்சி ஆர்டிஆர் 200-ம் ஏறத்தாழ ஒரே சக்தி, 20 சொச்சம். கிளாசிக் 4000 ஆர்.பி.எம்மிலேயே 27 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. கியரை மாற்றாமல் சோம்பலாக ஓட்டலாம், ஆனால் எடை 195 கிலோ. அப்பாச்சி 17 நியூட்டன் மீட்டர்தான் தரும், அதற்கும் என்ஜினை ஏழாயிரம் வரை சுற்ற வேண்டும். எடையோ 152 கிலோ. படப்பை நெரிசலில் காலை ஊன்றி ஊன்றி நகரும்போதும், மழையில் வீட்டு வாசல் சரிவில் பின்னுக்குத் தள்ளும்போதும், அந்த 43 கிலோ வித்தியாசம் தினமும் இடுப்பில் தெரியும். அந்தக் கால ஆர்எக்ஸ் 100-ஐ இன்றைக்கும் ஜனங்கள் கொண்டாடுகிறார்களே, அதன் சக்தி வெறும் 11 குதிரைசக்தி. வண்டி சுமார் 100 கிலோ என்பதால்தான் அப்படித் துள்ளியது.

சக்தி மட்டும் முந்திக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு ராஜ்தூத் 350 உதாரணம். 1983-ல் இங்கே வந்தபோது அதன் ஹை டார்க் வகையில் 30 குதிரைசக்தி இருந்தது. ஜப்பானில் அதன் மூல வண்டிக்கு முன்னால் டிஸ்க் பிரேக். இங்கே விற்றதற்கு இரண்டு சக்கரத்திலும் டிரம். நான் நேசிக்கும் வண்டி அது. ஆனாலும் அதை ஓட்டும்போதெல்லாம், நிறுத்த முடியாத வேகத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்றுதான் மனசு கேட்கும்.

நிறுத்தும் கணக்கையும் பார்த்துவிடுவோம். காய்ந்த தார்ச்சாலை, நல்ல பிரேக், ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு விநாடி. அறுபதில் போனால் நிற்க 40 மீட்டர், எண்பதில் 63, நூறில் 90-க்கு மேல். ஒரகடம் சாலையில் இருட்டில் மாடு படுத்திருந்தால் உங்கள் ஹெட்லைட்டில் அது எத்தனை மீட்டரில் தெரியும்? அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் இரவில் உங்கள் வேகம், என்ஜினில் எத்தனை குதிரைசக்தி இருந்தாலும்.

அதனால் தொழில்நுட்பத்தில் முதல் செலவு ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டியிலும் அது கட்டாயம். ஆனால் சட்டத்தை நிறைவேற்ற முன் சக்கரத்துக்கு மட்டும் இருந்தால் போதும், அதுதான் சிங்கிள் சேனல். நீங்கள் இரண்டு சக்கரத்துக்கும் உள்ள டூயல் சேனல் வாங்குங்கள். மழையில் பதறிப்போய்ப் பின் பிரேக்கை மிதிப்பதுதான் நம்மில் முக்கால்வாசிப் பேரின் பழக்கம், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வழுக்குவதும் அப்போதுதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஜல்லியிலும் மணலிலும் ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைக் கூட்டவும் செய்யலாம்.

அடுத்து ஹெட்லைட். பகலில் ஷோரூமில் பார்த்தால் எல்லா எல்இடியும் பளிச்சென்றுதான் இருக்கும். அதே மாடல் வைத்திருப்பவர் யாரையாவது பிடித்து, இரவில் தெருவிளக்கு இல்லாத இடத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ட்யூப்லெஸ் டயர் அவசியம். ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் நல்லது, கிளட்ச் பிடி லேசாகும், அவசரமாகக் கியர் குறைக்கும்போது பின் சக்கரம் குதிக்காது.

டிராக்‌ஷன் கன்ட்ரோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகம் கூட்டும்போது பின் சக்கரம் வெறுமனே சுற்றாமல் என்ஜினின் சக்தியைக் குறைப்பது அதன் வேலை. 190 குதிரைசக்தி உள்ள ஹயபூசாவில் அது இல்லாமல் மழையில் ஓட்ட நான் துணிய மாட்டேன். நாற்பதுக்கு மேற்பட்ட வண்டியிலும் அதற்கு வேலை உண்டு. 17 குதிரைசக்தி வண்டி காய்ந்த சாலையில் தன் பின் சக்கரத்தைச் சுழற்றிவிடுவதே அபூர்வம். ஈரச் சேற்றிலும் சாலையில் அடித்த பெயின்ட் கோட்டிலும் எப்போதாவது உதவும், அதற்காக வேறு நல்ல வண்டியை ஒதுக்க வேண்டாம். மழை, சாலை என்று நிலைமைக்கேற்ப என்ஜின் சக்தி தரும் விதத்தை மாற்றும் ரைடு மோடு செய்வதில் பெரும்பகுதியை உங்கள் வலது மணிக்கட்டே செய்துவிடும். கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குவிக் ஷிஃப்டர் ஓட்ட ஆனந்தமாக இருக்கும், தேவை என்று சொல்ல முடியாது. கலர் திரை வழி காட்டும், சரி. உடைந்தால் மொத்தமாக மாற்ற வேண்டும். சென்சார் கூடக் கூட, ஊர்ப்பக்கம் வண்டி நின்றால் பக்கத்துப் பட்டறை அண்ணனால் கைவைக்க முடியாது, ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டருக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

பணக் கணக்கும் இருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. 2023-ல் வந்த 390 டியூக் 399 சிசி. புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு, 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய். 160 சிசி வண்டி லிட்டருக்கு நாற்பத்தைந்து போகும் சாலையில் 390 முப்பதைத் தொட்டாலே பெரிது. நீங்களோ தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர். பெரிய வண்டி நெரிசலில் தொடையில் வீசும் சூட்டைச் சித்திரை வெயிலில் அனுபவித்தால்தான் தெரியும்.

சரி, எதை வாங்குவது? 15 முதல் 20 குதிரைசக்தி, 155 கிலோவுக்குள் எடை, டூயல் சேனல் ஏபிஎஸ். இந்த வட்டத்துக்குள் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி-யின் மேல் வகை, பல்சர் என்160, ஹார்னெட் 2.0 எல்லாம் வரும். மலைப்பயணம் கூடும் என்றால், இவற்றைவிட இழுவை கூடுதலான அப்பாச்சி 200. நிதானமாக, கியர் மாற்றாமல் ஓட்டுவதுதான் உங்கள் சுபாவம் என்றால் எடையை ஏற்றுக்கொண்டு 350 பக்கம் போகலாம், தப்பில்லை.

390 மேல் உண்மையான ஆசை இருக்கிறதா? இருந்தால் அதைத் தேவை என்று பெயர் மாற்றாமல் ஆசையாகவே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மேல் ஆசைப்படுவது நல்ல விஷயம். இரண்டு வருஷம் இந்த வண்டியை ஓட்டி, கடனில்லாமல் பணம் சேர்த்து, அப்புறம் வாங்கினால் அதை நன்றாகவே அனுபவிப்பீர்கள்.

இரண்டு லட்சத்தில் மிஞ்சுவதை ஐஎஸ்ஐ முத்திரையுள்ள இரண்டு நல்ல ஹெல்மெட், இரண்டு ஜாக்கெட், இரண்டு ஜோடி கையுறைக்கு எடுத்து வையுங்கள். உங்கள் மனைவிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டெஸ்ட் ரைடுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது, பின்னால் உட்கார வைத்து அரை மணி நேரம் கேளுங்கள். மூன்றாவது கியரில் முப்பதிலிருந்து மெதுவாக ஆக்சிலேட்டரைத் திருகி, வண்டி உதறுகிறதா என்று பாருங்கள். காலியான இடத்தில் நாற்பதிலிருந்து இரண்டு பிரேக்கையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள். இறங்கியதும், பின் சீட்டு உறுத்தியதா, கைப்பிடி எட்டியதா, முழங்கால் வலித்ததா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். விழுப்புரம் வரைக்கும் 130 கிலோமீட்டர் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வரப்போவது அவர்.