பதில்: கோர்ஸ் (Gource) காணொளி அழகாக இருக்கிறது, ஆனால் எதை முதலில் திருத்துவது?

உங்கள் நிரலின் எட்டு ஆண்டு கிட் (Git, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வரலாற்றை, அதை அசைபடமாகக் காட்டும் கோர்ஸில் ஓட்டியும் எந்தப் பகுதி தொல்லை என்று பிடிபடவில்லை என்கிறீர்கள். பிடிபடாதுதான். அசைபடத்தில் போன மாதத்தையும் இந்த மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. கண் மின்னலைத் துரத்திக்கொண்டே இருக்கும். அதைப் புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டுங்கள், போதும்.

உங்களுக்கு வேண்டியது அசையாத கட்டப்படம். வரிசைக்கு ஒரு கோப்பு, நெடுவரிசைக்கு ஒரு மாதம், கமிட் (ஒருமுறை பதிவு செய்த மாற்றம்) கூடக்கூட நிறம் அடர்த்தி. கிட் லாகில் (log, கமிட்டுகளின் பட்டியல்) தேதியும் கோப்புப் பெயர்களும் எடுத்தால் மீதியைச் சின்ன பைத்தான் நிரல் பார்த்துக்கொள்ளும். விடாமல் அடர்ந்திருக்கும் வரிசை, அதோடு கோப்பும் பெரிது என்றால், அங்கிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்றும் பாருங்கள், எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்: ஒரே கமிட்டில் அடிக்கடி சேர்ந்து மாறும் கோப்பு ஜோடிகள். வெவ்வேறு மாட்யூலில் இருந்துகொண்டு சேர்ந்தே மாறுகின்றன என்றால், இம்போர்ட் வரியில் (ஒரு கோப்பு இன்னொன்றை அழைத்துக்கொள்ளும் வரி) தெரியாத பிணைப்பு அங்கே இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன், லாக் (lock, நூலகப் பதிப்புகளைக் குறித்துவைக்கும்) கோப்புகள், தானாக உருவாகும் கோப்புகள், இடைவெளி போன்ற தோற்றத்தை மட்டும் மொத்தமாக மாற்றிய ஃபார்மேட்டிங் கமிட்டுகளைக் கழித்துவிடுங்கள். பெயர் மாற்றத்தைக் கிட் பதிவு செய்வதில்லை, உள்ளடக்க ஒற்றுமையை வைத்து ஊகிக்கிறது. அதனால் ஃபோல்டர் இடம் மாறிய காலத்தில் சில வரிசைகள் பாதியில் அறுந்திருக்கும். அவற்றைக் கையால்தான் இணைக்க வேண்டும்.