ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா எப்படி வாழ்கிறது?

காற்றில்லா பாக்டீரியா என்றால், ஆக்சிஜனைப் பயன்படுத்தாமலே ஆற்றல் பெறும் நுண்ணுயிர். பலவற்றுக்கு ஆக்சிஜன் நஞ்சே. இரும்பும் கந்தகமும் கோர்த்த நொதிகளை வைத்துத்தான் அவை வேலை செய்கின்றன. ஆக்சிஜன் பட்டால் அந்தக் கோர்வை சிதைந்துவிடும்.

1977-இல் பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகள் அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கியில் சென்றவர்கள் இந்த ஊற்றுகளைக் கண்டார்கள். கடலடிப் பிளவில் இறங்கும் நீர், சூடான பாறையோடு வினைபுரிந்து ஆக்சிஜனை இழக்கிறது. ஹைட்ரஜனையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் சுமந்து திரும்புகிறது. சில ஊற்றுகளின் வாயில் 350 டிகிரி செல்சியஸ் சூடு. அங்கே எதுவும் பிழைக்காது. உயிர் இருப்பது புகைபோக்கி போல எழுந்த கனிமச் சுவரின் நுண்துளைகளில், சூடு தணியும் இடத்தில். அங்கே சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனைக் கந்தகத்தோடு வினைபுரியச் செய்து பிழைக்கின்றன. பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்ப் பிரிவில் சிலவோ அதே ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கொண்டு மீத்தேன் ஆக்குகின்றன. அவற்றில் மெத்தனோபைரஸ் என்பது 122 டிகிரியிலும் பெருகும்!

சாண எரிவாயுக் கலனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மீத்தேன் ஆக்குவது இவற்றின் உறவினங்களே. காற்றுப் புகுந்தால் எரிவாயு குறைந்துவிடும்.

ஊற்றருகே வாழும் எல்லாமே ஆக்சிஜன் வேண்டாதவை என்பது தவறு: ராட்சதக் குழாய்ப்புழுவுக்குள் இருந்து அதற்கு உணவூட்டும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், அந்த ஆக்சிஜனோ மேலே சூரிய ஒளியில் உருவானது.