மட்டியில் ஆண் எது, பெண் எது? கேள்வி பதில்

கழிமுக மட்டி பற்றிக் கொழும்பு வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

வெள்ளவத்தையிலிருந்து: மட்டி வாங்கும்போது ஆண், பெண் பார்த்து எடுக்கலாமா மிஸ்?

மேல் ஓட்டின் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது அக்கா. திறந்தாலும் பல இனங்களில் இரண்டின் சினையும் (முட்டையோ விந்தோ உருவாகும் உறுப்பு) ஒரே வெளிர்நிறம்தான். சினையில் துளியளவு கிள்ளி, கண்ணாடி வழுக்கியில் தேய்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரியும்: பெண்ணில் உருண்டை முட்டைகள், ஆணில் துடிக்கும் விந்தணுக்கள். கறிக்கு அதெல்லாம் தேவையில்லை.

பல்கலைக்கழக மாணவர்: நீர்கொழும்புக் களப்பில் எடுத்த 30 மட்டியில் 18 பெண், 12 ஆண். பெண் கூடுதல் என்று எழுதலாமா?

எழுத வேண்டாம் தம்பி. சரிபாதி என்றால் 15, 15 வர வேண்டும். வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் கைவர்க்கச் சோதனையில் (chi-square) உங்கள் எண்களுக்குப் பெறுமானம் 1.2 மட்டுமே, வழக்கமான 5 சதவீத மட்டத்தில் 3.84ஐத் தாண்டினால்தான் வேறுபாடு என்று சொல்லலாம். இதே விகிதம் 100 மட்டியில், 60க்கு 40 என்று வந்தால் பெறுமானம் 4. அப்போது எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், எங்கிருந்து எடுத்தீர்கள்? மட்டி பொறுக்குபவரின் கூடையில் பெரியவை மட்டும்தான் இருக்கும். மட்டி போல இரண்டு ஓடு கொண்ட இனங்கள் சிலவற்றில் சிறியவை முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாவதுண்டு. அப்படிப்பட்ட இனத்தில் கூடையை எண்ணினால் பெண் கூடத்தான் வரும்; களப்பில் உள்ள நிலைமை அதுவல்ல. ஒரே அளவுச் சட்டத்தை மணலில் வைத்து, உள்ளே கிடப்பதை முழுக்கத் தோண்டிச் சலித்து எடுங்கள். பால் தெரியாத குஞ்சுகளையும் சினை கொட்டி வெறுமையானவற்றையும் வீசிவிடாமல் தனி நிரலில் எழுதுங்கள். எந்த நீளத்தவை, எந்த மாதத்தில் எடுத்தவை என்று சொல்லாத ஆண் பெண் விகிதத்தை நான் நம்புவதில்லை.

மட்டக்குளியிலிருந்து: ஒரே நீளம், ஆனால் ஒன்று பாரம், மற்றது இலேசு. ஏன்?

முதலில் உள்ளே தேங்கிய நீரைப் பாருங்கள். வடியவிட்டு, ஒற்றியெடுத்த பிறகே நிறுக்க வேண்டும். அப்புறம் சினை: நிறைந்திருக்கும்போது சதை கொழுக்கும், கொட்டியதும் வற்றிவிடும். நீளத்தோடு நிறை ஏறக்குறைய மும்மடி அடுக்கில் ஏறுவதால், 20 மில்லிமீற்றர் மட்டி 40 ஆகும்போது நிறை எட்டு மடங்கை நெருங்கும். நீளத்தில் சின்னப் பிழை விட்டாலும் கணக்கு குழம்பும். வேணியர் இடுக்கிமானியால் அளவெடுங்கள்.

அதே வாசகர்: களனி ஆற்று வாயில் கிடைப்பதைச் சாப்பிடலாமா?

வேண்டாம். மட்டி நீரை வடிகட்டி உண்பது. நகரக் கழிவும் அதற்குள் சேரும். அவித்தாலும் கன உலோகம் போகாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எந்த அளவுக்குக் கீழ் பிடிக்கக் கூடாது?

எல்லா இனத்துக்கும் ஒரே எண் கிடையாது. பாதிப்பேர் முதிர்ந்திருக்கும் நீளத்தை அந்தந்தக் களப்பிலேயே கண்டுபிடித்து, அதற்குக் கீழே உள்ளவற்றை விட வேண்டும். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்: ஒரு கிலோ சதை சேர 1,400 மட்டிக்கு மேல் தேவைப்படுமளவு சிறியவை ஏற்றுமதிக்கு ஆகாது, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பிடிக்கத் தடை. 2014இல் அந்த மட்டிப்பிடிப்புக்கு நிலைபேறான மீன்பிடி என்ற சர்வதேசச் சான்றிதழும் கிடைத்தது.