பெரியம்மாவின் கடனட்டை அறவீடு தொடர்பாக

வணக்கம். கோப்பாயில் தனியாக இருக்கும் உங்கள் பெரியம்மாவின் கடனட்டையில் அவர் அறியாமல் டொலரில் இரண்டு அறவீடுகள் விழுந்ததாகவும், நீங்கள் அழைத்தபோது அட்டைதாரருடன் மட்டுமே பேசுவோம் என வங்கி மறுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த மறுப்பு எரிச்சலூட்டினாலும் நியாயமானதே. அவரது குரலில் பேச வேறொருவரை அமர்த்தும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள்.

இன்றே அவருக்கு அருகில் இருந்து, அவரையே அழைக்கச் செய்து அட்டையை முடக்குங்கள். பிறகு அவருடைய தேசிய அடையாள அட்டையுடன் இருவருமாகக் கிளைக்குச் சென்று, அவர் கையொப்பமிட்ட எழுத்துமூல முறைப்பாட்டையும், உங்களுடன் பேச அனுமதிக்கும் கடிதத்தையும் கொடுத்து, திகதியிட்ட பிரதியொன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். வீசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் இத்தகைய அறவீட்டை மறுத்து முறையிடப் பொதுவாக 120 நாட்கள் உண்டென்றாலும், வங்கி தன் வாடிக்கையாளருக்கு விதிக்கும் கெடு அதைவிடக் குறுகியதாக இருக்கலாம்.

தொலைபேசியில் யாருக்காவது ஓ.ரி.பி. இலக்கத்தை (கொடுப்பனவை உறுதிசெய்யக் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கம்) சொன்னாரா என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். வயதானவர்கள் வெட்கத்தால் இதைத்தான் மறைப்பார்கள். சொல்லியிருந்தால் பணம் மீள்வது கடினம். ஆயினும் உண்மையையே எழுதுங்கள்.

வங்கியின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 இல் அழைக்கலாம்.