‘எஜமான் நல்லவர்’: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் வாய்மொழிப் பதிவுகளை இணையத்தில் வாசித்துவருகிறேன். பல முதியவர்கள் ‘எங்கள் எஜமான் நல்லவர், வயிறாரச் சாப்பாடு போட்டார்’ என்கிறார்கள். அனுபவித்தவர்களே சொல்லும்போது மறுக்க நாம் யார்? ஆனால் நம்பவும் முடியவில்லை. வயதான ஞாபகம் என்று விட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

ஞாபகத்தின் மேல் பழிபோட அவசரப்படாதீர்கள். எதிரே உட்கார்ந்து கேட்டவர் யார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பேட்டியின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கும். நாம்தான் அதைத் தாண்டிக் கதைக்குப் போய்விடுகிறோம்.

வேலையில்லாத எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு ஒரு திட்டம் நடத்தியது. அதில் 1936 முதல் 1938 வரை எடுத்த 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகளைத்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சிலர் பழைய எஜமான் குடும்பத்து வாரிசுகள். சொன்னவர்களில் பெரும்பாலோர் எண்பதைத் தொட்டவர்கள், கையில் காசில்லாதவர்கள். அரசாங்கத்து ஆள் வீடு தேடி வந்தால் பென்ஷன் ஏதாவது கிடைக்குமா என்றுதானே மனம் போகும்? தவிர, வெள்ளைக்காரரைக் குறை சொல்லிவிட்டு அதே ஊரில் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

தெற்கு கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டனில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியைப் பேட்டி கண்டார்கள். ஜெசி பட்லர் என்ற வெள்ளைக்காரப் பெண் போனபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்த சூசன், நிவாரண அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பட்லர் திருத்தவில்லை. திருத்தவில்லை என்பதை எழுதியும் வைத்திருக்கிறார்! அவரிடம் சூசன் சொன்னது, எஜமான் நல்ல மனிதர்.

அகஸ்டஸ் லாட்சன் என்ற கருப்பினத்தவர் கேட்டபோது அதே சூசன் வேறு மாதிரிப் பேசுகிறார். ராத்திரி ஒரு ஜோடிக்குக் கல்யாணம் முடிந்தது, விடிந்ததும் பெண்ணை விற்றுவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் தெருவில் நின்று வெள்ளைக்காரியை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அம்மாவையோ அண்ணன் தம்பியையோ பிடித்துப்போய் விற்கும்போது எழும் அலறல் இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். (தேடினால் ஒரு பதிவில் ஹாம்லின் என்றும் இன்னொன்றில் ஹாமில்டன் என்றும் இருக்கும். ஒரே ஆள்தான்.)

அதற்காக பட்லர் எடுத்த பேட்டியைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். அடிமைமுறை இருந்த 1860-ஐப் பற்றி அது நம்பகமில்லாத சாட்சியாக இருக்கலாம். 1937-ல் ஒரு கருப்பினக் கிழவி வெள்ளைக்காரரிடம் எப்படிப் பேசவேண்டியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கேட்பவரை மட்டுமல்ல, பக்கத்து அறையில் இருப்பவரையும் கவனிக்கவேண்டும். இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட சோவியத் பெண்களிடம் பேசப் போன பெலாரூஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறார். அந்தப் பெண்ணின் கணவர் முந்தைய இரவு முழுக்க உட்கார்ந்து போர் வரலாற்றை மனைவிக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அழக்கூடாது, சடையை வெட்டியபோது அழுததையெல்லாம் சொல்லக்கூடாது என்று கண்டிஷன் வேறு. நல்லவேளை, அதையும் அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

அப்புறம், வர்ஜீனியாவில் கருப்பின நேர்காணலாளர்கள் ஒரு குழுவாகவே இயங்கினார்கள். அவர்கள் எடுத்தவற்றைத் தேடி வாசியுங்கள். ‘நல்ல எஜமான்’ அங்கே எத்தனை தடவை வருகிறார் என்று பார்த்து எனக்கும் எழுதுங்கள்.