பல்லவமல்லனின் பன்னிரண்டு வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சென்றிருந்தோம். அதைக் கட்டிய பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் 12 வயதில் கம்போடியாவிலிருந்து அழைத்துவரப்பட்டு முடிசூட்டப்பட்டவன் என்று உடன் வந்த நண்பர் சொன்னார். என் மகனுக்கும் இப்போது அதே வயதுதான். அந்த வயதில் ஒருவன் எப்படி நாடாண்டிருக்க முடியும்? பெரியவர்கள் கையில் அவன் வெறும் பொம்மையாக இருந்தான் என்றுதானே கொள்ள வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

12 வயது என்பது செவிவழிக் கதை அல்ல. நீங்கள் நடந்துவந்த திருச்சுற்று மண்டபத்தின் சுவரில், சிற்பங்களை ஒட்டி, அது எழுத்தாகவே இருக்கிறது. கம்போடியா அப்படியல்ல. சிறுவன் மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து வந்தான் என்றுதான் கல்வெட்டுச் சொல்கிறது, கடலைப் பற்றி அங்கே பேச்சில்லை. கடல் கடந்து வந்தான் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் ஊகம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சுமார் 731-இல் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபோது, முந்தைய பல்லவ அரசன் சிம்மவிஷ்ணுவின் நேர்வழி அற்றுப்போயிற்று. மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட அமைச்சர்களும், நகரத்தாரும், கடிகை என்னும் கல்விக்கூடத்தைச் சேர்ந்த கடிகையாரும் சேர்ந்து, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழியில் வந்த இரணியவர்மனிடம் சென்று அரசன் வேண்டுமென்று கேட்டார்கள். அவன் முதலில் குலத்துப் பெரியவர்களைக் கேட்டான், யாரும் இசையவில்லை. பிறகு தன் பிள்ளைகள் நால்வரையும் அழைத்துக் கேட்டான். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் போகமாட்டோம் என்றார்கள். நான்காமவனான பல்லவமல்லன், அதாவது பின்னாளில் நந்திவர்மன் ஆனவன், நான் போவேன் என்று தொழுது நின்றான். பன்னிரண்டே வயதான பிள்ளையை அனுப்பத் தகப்பன் தயங்கினான். தரணிகொண்ட போசர் என்ற முதியவர் தேற்றிய பிறகே விடைகொடுத்தான். வழியில் பல்லவடி அரையர் படையுடன் எதிர்கொண்டு, சிறுவனை யானைமேல் ஏற்றிக் காஞ்சிக்குள் அழைத்துவந்தார்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். தொடக்க ஆண்டுகளில் அவன் பிறர் தோளில் நின்றான் என்பதில் ஐயமில்லை. எல்லாரும் அவனை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. சித்திரமாயன் என்ற மற்றொரு பல்லவன் அரசுரிமை கோரினான். தமிழ் மன்னர்கள் அவன் பக்கம் நின்று நந்திவர்மனை நந்திபுரத்தில் முற்றுகையிட்டார்கள். வில்வலபுரத்துத் தலைவன் உதயசந்திரன் படையுடன் வந்து முற்றுகையை உடைத்துச் சித்திரமாயனைக் கொன்றான் என்று, 21-ஆம் ஆட்சியாண்டின் உதயேந்திரம் செப்பேடு கூறுகிறது. இதற்கிடையே சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே புகுந்தான். அவன் நகரத்தை அழிக்காமல் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தை அக்கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து, அதை அங்குள்ள தூணொன்றில் கன்னடத்தில் பொறித்தும் வைத்தான். சொந்தத் தலைநகரில் மாற்றான் கல்வெட்டு வெட்டுவதைப் பார்க்க நேர்ந்த இளைஞன் அவன்.

ஆயினும் அவனைப் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொம்மை அரசர்கள் நிலைப்பதில்லை. இவனுக்கோ 65-ஆம் ஆட்சியாண்டு வரை கல்வெட்டுக் கிடைக்கிறது, அதாவது 77 வயதளவும் அரியணையில் இருந்திருக்கிறான். பாண்டியரோடும் சாளுக்கியரோடும் இராட்டிரகூடரோடும் மோதி, தோற்று, மீண்டு, அரசை மகன் தந்திவர்மனிடம் ஒப்படைத்தவன்.

அவன் கட்டிய இந்தக் கோயிலைத் திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரம் என்று பாடினார். அந்தச் சுவரில் அவன் எதைச் செதுக்கச் சொன்னான் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். வென்றவன் எழுதுவித்த வரலாறு அது, உரிமையை நாட்டுவதற்காகவே எழுதப்பட்டது. ஆகவே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். எனினும், பிறந்தபோதே பேரரசன் என்று புகழ வைப்பது எளிதாயிருக்க, அண்ணன்மார் மறுத்ததையும், தகப்பன் தயங்கியதையும், தன் சிறுவயதையும் மறைக்காமல் அவன் எழுதுவித்திருக்கிறான். 22-ஆம் ஆண்டின் காசாக்குடிச் செப்பேடும் அவனைக் குடிமக்கள் தேர்ந்துகொண்டவன் என்றே சொல்கிறது. பிறப்பால் மட்டும் வந்த உரிமையல்ல, கேட்டு அழைத்து வந்த உரிமை என்பதே அவனுக்குப் பெருமையாக இருந்திருக்கிறது.

சென்ற முறை நான் போனபோது, சிங்கத் தூண்களுக்கு இடையே சாய்வாக விழுந்த காலை வெயிலில் அந்தச் சிற்பங்களின் முன் வெகுநேரம் நின்றிருந்தேன். மணற்கல் ஆதலால் முகங்கள் பல உதிர்ந்துவிட்டன. மூக்கும் கண்ணும் போய் வெறும் வடிவம் மட்டும் எஞ்சியிருக்கும் இடங்கள் உண்டு. மகனை மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் சென்றால் செதுக்கல்களின் நிழல் நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்