பெரிய நகரத்தில் நல்ல உணவகத்தையும் கடையையும் யாரிடம், எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

கேள்வி: வேலைக்காகப் பெரிய நகரம் ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறேன். செயலியைத் திறந்தால் எல்லா உணவகங்களுக்கும் நாலு, நாலரை நட்சத்திரம் இருக்கிறது. அலுவலகத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். வெளியே சாப்பிடவும், வீட்டில் சமைக்கத் தேவையானவற்றை வாங்கவும் நல்ல இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

நானும் உங்களைப் போலவே வேலைக்காகப் பெருநகரம் ஒன்றுக்கு வந்தவன்தான். வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் அலுவலகத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர் ஓர் உணவகத்தைப் பற்றி வாய் ஓயாமல் புகழ்வார். அதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், குடும்பத்தோடு இரண்டு பேருந்து மாறி அங்கே போனோம். முக்கால் மணி நேரம் வாசலில் காத்திருந்த பிறகுதான் இடம் கிடைத்தது. வந்த சாப்பாடோ ஆறிப்போய், உப்புச் சப்பில்லாமல் இருந்தது. மறுநாள் அவரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "மத்தியானம் எதுக்குத் தம்பி போனீங்க? நான் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய், அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டே அந்த வறுவலை மட்டும்தானே சாப்பிடுவேன்!" என்று உண்மையாகவே வியந்துபோய்க் கேட்டார். அவர் பொய் சொல்லியிருக்கவில்லை. அவர் மனத்தில் ஒரு பண்டமும் ஒரு நேரமும் இருந்தன; என் காதில் கடையின் பெயர் மட்டும் விழுந்தது.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "இங்கே நல்ல ஓட்டல் எது?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஊரார் புகழும் கடையின் பெயரைத்தான் சொல்வார்கள். அவர்கள் அங்கே போய் ஐந்து வருடம் ஆகியிருக்கலாம், போகாமலேகூட இருக்கலாம். அதற்குப் பதிலாக, "போன வாரம் வெளியில் எங்கே சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலில் பகட்டு இருக்காது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே, அவர் தன் காசைக் கொடுத்துத் திரும்பத் திரும்பப் போகும் இடம் தெரிந்துவிடும். இதோடு இரண்டு துணைக்கேள்விகளையும் வைத்திருக்கிறேன். "அங்கே எதைச் சாப்பிடக் கூடாது?" என்பது ஒன்று. கடையை நன்றாகத் தெரிந்தவர் இதற்குச் சட்டென்று பதில் சொல்வார். "எல்லாமே நன்றாக இருக்கும்" என்பவர் அங்கே ஓரிரு முறைதான் போயிருப்பார். "கடைசியாக எப்போது போனீர்கள்?" என்பது இன்னொன்று. சமையல் மாஸ்டர் மாறினாலோ, கடை கைமாறினாலோ, பெயர்ப்பலகை அப்படியே இருக்க ருசி மட்டும் போய்விடுகிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய பரிந்துரையை நான் பழைய செய்தித்தாளைப் போலத்தான் வைத்துக்கொள்கிறேன்.

சொல்பவரின் நாக்கையும் முதலில் அளந்துகொள்ள வேண்டும். இருவரும் சாப்பிட்டிருக்கும் ஏதாவது ஒரு கடையைப் பற்றி அவர் கருத்தைக் கேளுங்கள். எனக்கு எண்ணெய் அதிகமாகத் தோன்றிய இடத்தை அவர் "அருமை" என்றால், அவர் சொல்லும் மற்ற இடங்களிலும் எண்ணெய் மிதக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவர் ருசி என் ருசியோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுகூட இல்லை, அவர் ருசி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தால் போதும். என் நண்பர் ஒருவர் சலித்துக்கொண்ட மூன்று கடைகள் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. இப்போது அவர் முகம் சுளித்தால், அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று நான் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

இனி நட்சத்திரங்கள். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் பழக்கத்தைப் புகழ்பெறச் செய்தது ஒரு டயர் நிறுவனம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் வாகன ஓட்டிகளுக்காக ஒரு வழிகாட்டி நூலை இலவசமாக வெளியிட்டது. மக்கள் வண்டியை அதிகம் ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும் என்பதுதான் கணக்கு. 1926இல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் இடத் தொடங்கினார்கள், 1931இல் அதை மூன்று படிகளாக விரித்தார்கள். அந்தப் படிகளுக்கு அவர்கள் கொடுத்த பொருள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் தன் வகையில் நல்ல உணவகம், இரண்டு என்றால் வழியிலிருந்து விலகிப் போனாலும் தகும், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத்தான் நட்சத்திரம் சொன்னது. பெருநகரத்தில் நமக்கு வேண்டிய கணக்கும் அதுவே. தெருமுனையில் இருந்தால் வாரம் இருமுறை போகக்கூடிய ஒரு கடை, இரண்டு பேருந்து மாறிப் போகத் தகுந்ததாக இல்லாமல் போகலாம். அந்த மூத்தவருக்கு அந்த உணவகம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே இருந்தது, எனக்கோ அது நகரத்தின் மறுகோடி.

செயலியில் காணும் நட்சத்திரத்தில் இந்தத் தூரக்கணக்கு கிடையாது. இருப்பது சராசரி. மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் கொதித்தவர்களும்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். "பரவாயில்லை" என்று நினைத்தவர் கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆனாலும் அந்தச் சராசரிக்கு இருக்கும் செல்வாக்கு சாதாரணமானது அன்று. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர்கள் கடைகளுக்கு நட்சத்திரம் இடும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்வதாகக் கண்டார். இந்த உயர்வு தனிக்கடைகளில்தான் தெரிந்தது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஒரு கிளையில் சாப்பிட்டவருக்கு எல்லாக் கிளைகளின் ருசியும் ஓரளவு தெரியும் என்பதால் அங்கே பிறர் சொல்லுக்கு வேலை குறைவு. நம்முடைய ஒரு வார்த்தை யாருக்கு உண்மையில் பயன்படும் என்பதற்கும் இதுவே விடை: சங்கிலி நிறுவனத்தைப் பரிந்துரைக்கும் நேரத்தில், மூன்று மேசை போட்டு நடத்தும் கடையைப் பற்றி இரண்டு வரி சொல்லலாம்.

செல்வாக்கு இருக்கும் இடத்தில் போலியும் வரும். 2017இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர், தான் வசித்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று டிரிப் அட்வைசர் தளத்தில் பதிந்தார். ஷேவிங் நுரையை உணவாக அலங்கரித்துப் படம் எடுத்துப் போட்டார், நண்பர்களை விட்டுப் புகழ்ந்து எழுதச் சொன்னார். ஒருவர்கூடச் சாப்பிட்டிராத அந்த இடம் சில மாதங்களில் லண்டன் உணவகங்களின் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பிறகு அமெரிக்க அரசின் வணிக ஆணையம் போலி விமர்சனங்களைத் தடைசெய்து விதி கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது என்றாலும், நம் கண்ணை நாம் திறந்து வைத்திருப்பது நல்லது. நான் ஐந்து நட்சத்திரக் கருத்துகளைத் தாண்டி, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைத்தான் படிப்பேன். எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று பிரித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. வாடிக்கையாளர்கள் அண்மையில் போட்ட படங்களையும் பார்ப்பேன். தட்டில் விழும் அளவும், எண்ணெயின் நிறமும் அங்கே ஒளியாது.

பரிந்துரை சொல்வதிலும் இதே ஒழுங்கு வேண்டும். 1979இல் நியூயார்க்கில் சாகத் என்ற வழக்கறிஞர் தம்பதியர், உணவகங்களைப் பற்றி நண்பர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்துக் கொடுத்த பட்டியல்தான் பின்னாளில் பெரிய தொழிலாகி, 2011இல் கூகுள் வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. அவர்கள் உணவு, இடத்தின் அழகு, பரிமாறல் ஆகிய மூன்றுக்கும் முப்பதுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். நான் மதிப்பெண் போடுவதில்லை என்றாலும், பிரித்துச் சொல்லும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டேன். "சாப்பாடு நன்றாக இருக்கும், உட்காரச் சௌகரியம் இல்லை, பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள், பார்சல் வாங்கினால் நமத்துவிடும்" என்று சொன்னால், கேட்பவர் தன் தேவைக்கேற்ப முடிவு செய்துகொள்வார்.

வாகன ஓட்டுநரிடம் கேள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் அரைமனம்தான், ஏனென்றால் அவருக்கு வண்டி நிறுத்த இடமும், சீக்கிரம் கிடைக்கும் சாப்பாடும் முக்கியம், ருசி மூன்றாவதாக வரலாம். உணவைக் கொண்டுவந்து கொடுக்கும் தம்பிகளிடம் கேட்பது மேல். அவர்கள் நாள் முழுக்கப் பின்வாசலில் காத்து நிற்பவர்கள். எந்தச் சமையலறையில் தரையைக் கழுவுகிறார்கள், எங்கே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடைகளுக்கு வருவோம். உணவகத்தில் ஒரு வேளைதான் ஏமாறுவோம். மளிகையில் ஏமாந்தால் மாதம் முழுக்க அதையே சமைக்க வேண்டும். பலரும் புகழ்ந்த ஒரு கடையில் ஒருமுறை வேர்க்கடலை வாங்கி வந்து, வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் காறல் வாடை அடித்தது. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன், தொண்டைவரை கசந்தது. அந்தக் கடையில் அரிசியும் பருப்பும் வண்டி வண்டியாக விற்கின்றன, ஆனால் கடலை கேட்பவர் குறைவு என்பதால் அது மாதக்கணக்கில் மூட்டையிலேயே கிடந்திருக்கிறது. எண்ணெய்ச் சத்துள்ள பண்டம் காற்றும் வெப்பமும் பட்டுக் கிடந்தால் காறிப்போகும், கடையின் நற்பெயர் அதைத் தடுக்காது. ஆகவே கடையைப் பொறுத்தவரை "எது நல்ல கடை?" என்பதைவிட "எந்தச் சரக்கு எங்கே வேகமாக ஓடுகிறது, புதுச் சரக்கு எந்தக் கிழமை இறங்குகிறது?" என்பதே பொருத்தமான கேள்வி. எங்கள் பகுதி மீன்கடை ஒன்றில் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வாங்குவேன். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தது அது. "செவுளைத் தூக்கிப் பாருங்க, கண்ணு உள்ள போயிருந்தா எடுக்காதீங்க" என்றார். செவுள் சிவந்தும், கண் தெளிந்து புடைத்தும், விரலால் அழுத்திய குழி உடனே நிமிர்ந்தும் இருந்தால் அது புதுமீன். கடையின் பெயரோடு இப்படி ஒரு சோதனையையும் சேர்த்துச் சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

சிலர் தங்களுக்குப் பிடித்த சின்னக் கடையை யாருக்கும் சொல்ல மாட்டார்கள். இது கஞ்சத்தனம் என்று முன்பு நினைத்தேன். ஒரே ஒருவர் சமைக்கும் கடையில் திடீரென்று நூறு பேர் நின்றால், பாத்திரம் பெரிதாகும், அடுப்பு பெரிதாகும், கை பெரிதாகாது என்று புரிந்த பிறகு அவர்கள் மேல் கோபம் போய்விட்டது. நானும் அப்படிப்பட்ட கடைகளைப் பொதுவில் எழுதுவதில்லை, கூட்டமில்லாத நேரத்தில் போகக்கூடியவர்களிடம் நேரில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் கேட்டுக்கொண்டே இருக்காமல், உங்கள் பேட்டையில் கண்டெடுத்த ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். வெறும் கையோடு போனால் புகழ்பெற்ற பெயர்கள்தான் கிடைக்கும், ஒன்றைக் கொடுத்தால் அவரும் ஒளித்து வைத்திருப்பதை எடுப்பார்.

ஒன்றே ஒன்றை மட்டும் பலர் செய்வதில்லை. போய்ச் சாப்பிட்ட பிறகு, சொன்னவரிடம் திரும்பப் போய் எப்படி இருந்தது என்று சொல்வது கிடையாது. பிடிக்காவிட்டால் மனம் நோகும் என்று மௌனமாகிவிடுகிறார்கள், அவரும் அதே கடையை அடுத்த பத்துப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் மூத்தவர் சொன்னபடியே ஒரு வாரநாளில் மாலை ஐந்து மணிக்கு அந்த உணவகத்துக்கு மறுபடி போனேன். அடுப்போரம் நின்று வறுவலைச் சாப்பிட்டேன். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சில வருடங்கள் கழித்து இன்னொரு முறை போனபோது கை வேறாகத் தெரிந்தது, மசாலா கருகியிருந்தது. அடுத்த நாள் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ மாஸ்டர் போயிட்டாரு போல. எங்க போனாருன்னு விசாரிக்கிறேன்" என்றார். இரண்டு வாரத்தில் விசாரித்தும் சொன்னார். இப்போது நாங்கள் இருவரும் போவது அந்தப் புது இடத்துக்குத்தான்.